நொடித்தவர் தட்டக்கூடிய கதவு

கடனை வசூலிக்க வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமொன்றைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஆளுநரின் இசைவும் அதே ஆண்டில் அதற்குக் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் மிரட்டல் நின்ற பிறகும் கடன் நிற்கிறது; அதைத் திருப்பித்தர எவ்வகையிலும் வழியற்றுப்போன மனிதர் அதன்பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை நூறாண்டுக்கு முற்பட்ட வேறொரு சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் இருப்பதை நம்மில் அநேகர் அறியமாட்டார்கள்.

நம் தாம்பரம் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலும் சிறுகடை வைத்து ஜீவனம் செய்கிறவர்கள், பம்மல், நாகல்கேணித் தோல் தொழிலில் கூலிக்குப் போகிறவர்கள், மெப்ஸ் வளாகத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களையெல்லாம் பறிகொடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கிய முடிச்சூர், வரதராஜபுரம் குடும்பத்தார் ஆகிய இவர்களுடைய கடன் ஓரிடத்துக் கடனன்று. மகளிர் குழுவின் வாரத்தவணை, கைப்பேசி வழியே வந்த தனிநபர்க் கடன், அடகுக்கடையில் நகை, எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்டவேண்டிய பாக்கி, தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய கைமாற்று என்று அது ஐந்தாறு இடங்களில் பரவி நிற்கிறது.

ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கி, அதை அடைக்க வேறொன்றைத் தேடி, இடையில் ஒரு வைத்தியச் செலவோ வேலையிழப்போ குறுக்கிட்டதும் எல்லாம் ஒரே மாதத்தில் நிலைகுலைந்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதையும், போக இடமில்லாதவர்கள் உயிரையே மாய்த்துக்கொள்வதையும் நாம் கேள்விப்படுகிறோம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையை முறையிட்டு ஓய்ந்த ஒரு குடும்பம் பச்சிளங் குழந்தைகளோடு தீக்கிரையானதை இந்த மாநிலம் மறந்திருக்க நியாயமில்லை.

‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது நம் குரலில் ஏளனம் ஏறிவிடுகிறது. பிறர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கைவிரித்தவர்களைப் பார்த்துப் பார்த்து ஏற்பட்ட ஏளனம் அது. அதற்குக் காரணமில்லாமல் இல்லை. ஆனால் மோசடிக்காரருக்கும் கஷ்டத்தால் வீழ்ந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்ந்து, முன்னவரைத் தண்டிக்கவும் பின்னவரைக் காக்கவும் ஏற்பட்டதே திவால் சட்டம். அச்சத்தினாலும் அறியாமையினாலும் நேர்மையானவர்கள் அதனிடம் போகாமல் இருப்பதால், அது மோசடிக்காரரின் கருவி என்ற அபிப்பிராயமே நிலைத்துவிட்டது.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

தனி மனிதர்களின் நொடிப்புக்கு இந்தியாவில் இரண்டு பழைய சட்டங்கள் உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். ஏனைய இடங்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். சென்னையில் பெயர்பெற்று விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906இல் முறிந்து, அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வந்தது முதற்சட்டம்.

சென்னை நகருக்குள் வசிப்பவரின் திவால் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்; அங்கே சொத்தைப் பொறுப்பேற்க அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரி இருக்கிறார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் வாசிகள் செங்கல்பட்டு மாவட்டத்தவர்கள். அவர்களுக்குரியது 1920ஆம் ஆண்டுச் சட்டம். போகவேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றமோ, அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட சார்பு நீதிமன்றமோ ஆகும். பல்லாவரத்தையும் பம்மலையும் செம்பாக்கத்தையும் சேர்த்துத் தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகிவிட்டதால் நாமும் சென்னையின் சட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று எண்ணிவிடலாகாது.

2016இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திவால் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டங்கள் இரண்டையும் நீக்கிவிட்டு, தனி மனிதருக்கும் ஒரு புதுவழி காட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதன் மூன்றாம் பகுதி அதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது ஒரு சாராருக்கு மட்டுமே: கம்பெனிக் கடன்களுக்குத் தம் பெயரில் ஜாமீன் கையெழுத்திட்டவர்களுக்கு. கம்பெனி நொடித்தால் அதற்கு விசேஷத் தீர்ப்பாயமும் காலக்கெடுவும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் கூலிக்கு இருந்தவர் நொடித்தால் அவருக்கு 1920ஆம் ஆண்டுதான் துணை.

அந்த மூன்றாம் பகுதியில் மிக ஏழைகளின் கடனைத் தள்ளுபடி செய்யும் ‘புதிய தொடக்கம்’ என்ற ஏற்பாடும் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாமல், சொந்த வீடும் இல்லாதவராயிருந்தால் அதைக் கோரலாம் என்கிறது அது. 2016இலேயே இவை அற்பமான தொகைகள். மாதம் 5,000 ரூபாயில் தாம்பரத்தில் ஒரு குடும்பம் நடத்துவது எப்படி என்று இதை எழுதியவர்கள் யோசித்திருக்கவேண்டும். அதுவும் இன்றுவரை காகிதத்திலேயே இருக்கிறது.

மனு கொடுத்தால் என்ன நடக்கும்

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைத் தீர்க்கத் தமக்குச் சக்தியில்லையென்றால் கடனாளி தாமே மனு கொடுக்கலாம். டிக்கிரிக்காகக் கைதானவரும், சொத்து ஜப்தியானவரும்கூடக் கொடுக்கலாம். கடன் கொடுத்தவரும் கொடுக்கலாம். ஆனால் கடனாளி சொத்தை மறைத்தது, தலைமறைவானது போன்ற ஒரு செயலை, அது நடந்த மூன்று மாதத்துக்குள் அவர் காட்டவேண்டும்.

மனுவின் உயிர் அதன் உண்மையில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், அவர்களுடைய விலாசம் என்ன, தமக்கு என்னென்ன சொத்து எங்கே இருக்கிறது, அதன் மதிப்பென்ன, முன்பு எப்போதாவது இப்படி மனு கொடுத்ததுண்டா என்பனவற்றையெல்லாம் எழுதி, சட்டம் விலக்கியவை நீங்கலாக மற்ற சொத்துகளை நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்றும் சொல்லவேண்டும். கைமாற்று தந்த சித்தப்பாவின் பெயரையும் விடலாகாது.

விலக்கப்பட்டவை எவை? உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது. அனகாபுத்தூர் நெசவாளியின் தறி இந்தப் பாதுகாப்பில் சேரத்தக்கது. கடன் டிக்கிரிக்காகச் சம்பளத்தில் கைவைப்பதானாலும், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடமுடியாது.

நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து நீதிமன்றத்திடமோ அது நியமிக்கும் ரிசீவரிடமோ போய்ச்சேரும். அதன்பின் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் தனித்து வழக்குத் தொடுக்கவோ சொத்தைப் பிடிக்கவோ முடியாது. கைதுக்கெதிரான பாதுகாப்பு உத்தரவையும் கேட்டுப் பெறலாம். ஐந்தாறு பேர் ஐந்தாறு திசையிலிருந்து இழுப்பது நின்று, எல்லாக் கணக்கும் ஓரிடத்தில், ஒரு நீதிபதியின் முன்னிலையில் பார்க்கப்படுகிறது. நொடித்தவருக்கு மட்டுமல்லாமல், முந்திக்கொண்டவன் அள்ளிக்கொண்டு போக வெறுங்கையோடு நிற்கும் எளிய கடன்கொடுத்தவருக்கும் இதில் நீதி இருக்கிறது.

கடனுக்காகச் சிறைக்குப் போகவேண்டியிருக்கும் என்ற பயம் பலரைத் தின்கிறது. திருப்பித்தர வசதியிருந்தும் துர்நோக்கத்தோடு மறுப்பவரையே சிவில் சிறையில் வைக்கலாம், வறுமையால் முடியாதவரை வைக்கலாகாது என்று நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் உச்ச நீதிமன்றத்தில் தெளிவாகத் தீர்ப்பளித்தார். பணத்துக்கான டிக்கிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் இடம்கொடுப்பதில்லை. கையெழுத்திட்ட செக் திரும்பிவந்தால் தொடரப்படும் வழக்கு வேறு. அது குற்ற வழக்கு, திவால் மனு அதைத் துடைத்துவிடாது.

இதன் எல்லைகளையும் சொல்லாவிட்டால் வாசகருக்குத் துரோகம் செய்தவனாவேன். வீட்டுக்கடன், நகைக்கடன் போன்று ஈடுபெற்றுக் கொடுத்தவரின் உரிமை இதனால் தடைப்படாது. வீட்டுக்கடன் பாக்கிக்காக வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பினால் அதற்கு உடனே எழுத்தில் பதில் தரவேண்டும். வீட்டைக் கைக்கொள்ள நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். சர்க்காருக்குச் சேரவேண்டிய பாக்கி, மோசடியால் விளைந்த கடன், மனைவி மக்களுக்குத் தரவேண்டிய ஜீவனாம்சம் ஆகியவை, திவால் வழக்கின் முடிவில் நீதிமன்றம் கடனிலிருந்து தரும் விடுதலைக்குப் பின்னும் நிலைக்கும்.

ஜாமீன் கையெழுத்திட்டவரும் விடுபடமாட்டார். நண்பர் நொடித்து விடுதலை பெற்ற பின்னும் அவருக்காகக் கையெழுத்திட்டவரின் சம்பளத்தைக் கேட்டு வழக்கு வரலாம். நட்புக்காகக் கையெழுத்திடுமுன் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும்.

வீட்டை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றி எழுதிவிட்டு மனு கொடுக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டவர்கள் கெட்டார்கள். இரண்டாண்டுக்குள் இனாமாக எழுதிக்கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். பல கடன்களில் ஒருவருடையதை மட்டும் மூன்று மாதத்துக்குள் வேண்டுமென்றே தீர்த்ததையும் ரத்து செய்யலாம். சொத்தை மறைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

திவால் அறிவிப்போடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பலர் தவறும் இடம் இதுதான். நீதிமன்றம் ஒரு காலம் குறிக்கும். அதற்குள் விடுதலை உத்தரவு கேட்டு மறுபடி மனு கொடுக்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும், பழைய கடன்காரர்கள் பழையபடி வருவார்கள். ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறாவிட்டால் முழு விடுதலை மறுக்கப்படலாம். ஆனால் அந்நிலை தம் குற்றமல்லாத காரணத்தால் நேர்ந்ததென்று காட்டுகிறவருக்கு அந்தத் தடையில்லை. வெள்ளத்தில் கடை போனவரும், நோயில் வேலை போனவரும் அதற்குரிய சான்றுகளைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான். விடுதலை பெறும்வரை சட்டமன்ற, பாராளுமன்றப் பதவிகளுக்குத் தகுதியில்லை. தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்குவதும் குற்றம்.

பதிவுகளைத் தேடுவது எப்படி

மனை வாங்குகிறவருக்கும், கூட்டு வியாபாரம் தொடங்குகிறவருக்கும், பெருந்தொகை கைமாற்றுக் கொடுக்கிறவருக்கும் எதிராளி திவால் வழக்கில் இருக்கிறாரா என்று அறிவது அவசியம். திவால் அறிவிப்பு மனு கொடுத்த தேதியிலிருந்தே செல்லுபடியாகும் என்பது விதி. இடையில் நல்லெண்ணத்தோடு, வழக்கை அறியாமல் வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டென்றாலும், அதை நீதிமன்றத்தில் நிரூபித்து முடிப்பதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும்.

வில்லங்கச் சான்று ஒன்றே போதுமென்பது பொதுவான நம்பிக்கை. பதிவு அலுவலகத்தில் பதிவானது மட்டுமே அதில் வரும். நிலுவையிலுள்ள திவால் மனு அதில் தெரியாமல் போகலாம். ஆகவே நீதிமன்றப் பதிவையும் பார்க்கவேண்டும். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் தமிழ்நாடு, செங்கல்பட்டு மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்து, மனுதாரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, நிலுவை வழக்குகள், முடிந்த வழக்குகள் இரண்டிலும் தேடலாம். இதற்குக் கட்டணமில்லை. திவால் மனுக்கள் ‘ஐ.பி.’ என்ற குறியோடு எண்ணிடப்பட்டிருக்கும்.

ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவது நம் வழக்கம்; ஆகையால் எல்லா விதத்திலும் தேடவேண்டும். அதே பெயரில் வேறொருவர் இருப்பதும் சகஜம். தகப்பனார் பெயரும் விலாசமும் ஒத்துப்போகாமல் ஒருவரைத் திவாலானவர் என்று சொல்லிவிடுவது பெரும் அநியாயம். வழக்கு எண் கிடைத்தபின் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் படிப்பதே முறை. திவால் அறிவிப்பு அரசிதழிலும் பிரசுரமாகவேண்டும் என்பது சட்டம்.

எதிராளி சென்னை நகரவாசியாயின் உயர் நீதிமன்றப் பதிவிலும், கம்பெனிக்கு ஜாமீன் நின்றவராயின் கடன் மீட்புத் தீர்ப்பாயம், தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஆகியவற்றின் பதிவிலும் பார்க்கவேண்டும். நம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அறியவேண்டும்: சிபில் உள்ளிட்ட நான்கு கடன்தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தரக் கடமைப்பட்டவை.

இங்கிலாந்தில் தனிநபர் திவால் பதிவேடு ஒரே இடத்தில், எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இருக்கிறது. சாதாரணமாக 12 மாதத்தில் நொடித்தவருக்கு விடுதலை கிடைக்கிறது. அதன்பின் மூன்று மாதத்தில் அவர் பெயர் அப்பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. பார்க்கவேண்டிய காலத்தில் எல்லாரும் பார்க்கவும், மறக்கவேண்டிய காலத்தில் மறக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் ஊரிலோ தேடுகிறவருக்குப் பதிவு எளிதில் கிட்டுவதில்லை. கிட்டினால் விடுதலை பெற்றவரின் பெயரும் அதில் கிடந்துகொண்டே இருக்கிறது.

செய்யவேண்டியவை

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பகுதியைச் சாதாரண மக்களுக்கும் மத்திய சர்க்கார் நடைமுறைப்படுத்தவேண்டும். ‘புதிய தொடக்கத்தின்’ தொகைகளை இன்றைய விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தவேண்டும். ஆனால் அந்த அதிகாரத்தைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு அளித்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. வங்கிகளின் வசூலுக்காக 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மன்றம் அது; கூடுவாஞ்சேரி கொத்தனாரும் அனகாபுத்தூர் நெசவாளியும் அபயம் தேடிப் போகத்தக்க இடமன்று. மாவட்டத்திலுள்ள உரிமையியல் நீதிமன்றங்களிடமே இதை விடுவது நல்லது.

அதுவரை, மாநில அளவில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் திவால் மனுக்களுக்கு மாவட்டவாரியாகத் தமிழில் தனிப் பட்டியல் வெளியிடுவதும், விடுதலை பெற்று ஒரு காலம் கழிந்தபின் பெயர்த் தேடலிலிருந்து அதை நீக்குவதும் உயர் நீதிமன்றத்தின் நிர்வாக உத்தரவால் நடக்கக்கூடியவை. கடன் மிரட்டலைப் பற்றிப் புகார் வரும்போது போலீஸ் நிலையம் அதைப் பதிவு செய்வதோடு நில்லாமல், புகார் கொடுத்தவரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்கவேண்டும். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் மாதம் ஒரு நாள் கடன் ஆலோசனைக்கென்றே ஒரு வழக்குரைஞரை அந்த ஆணைக்குழு அமர்த்தவேண்டும்.

இன்று கடனில் தவிப்பவர் முதலில் ஒரு தாளில் கடன் முழுவதையும், சொத்து முழுவதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளட்டும். கடன் குறைவாயின் மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு சமரசம் பேசலாம். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாதாகையால், தம்மால் கட்டமுடிந்த தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் பரிகாரம் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

சமரசத்துக்கும் எட்டாத நிலையென்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்து, திவால் மனுவுக்கு வழக்குரைஞர் வேண்டுமென்று கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயிருந்தாலும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அவ்வாறே, வழக்குரைஞரை இலவசமாக அமர்த்தித் தரவேண்டியது சட்டத்தின் கடமை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போகும்போது கடன் பத்திரங்கள், தவணை அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகம், சம்பளச் சீட்டு, வந்த நோட்டீசுகள், ஆதார், விலாசச் சான்று ஆகியவற்றை மூலமும் நகலுமாக எடுத்துச் செல்லவேண்டும். பதில் கொடுத்த நோட்டீசுகளின் தபால் ரசீதுகளையும் மறக்கவேண்டாம்.